தைவான் பழங்குடி ஊர்களின் திருவிழாக்கள்: வட்டத்துக்குள் உண்மையில் நடப்பது என்ன?

ஜூலை பிறந்தால் தைவானின் கிழக்குக் கரையிலிருந்து ஆமிஸ் என்ற பழங்குடி மக்களின் விழாக் காணொளிகள் வரத் தொடங்கிவிடும். சிவப்பு உடை, தலையில் இறகு, நூற்றுக்கணக்கான பேர் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். கூடவே இன்னொரு வகைச் செய்தியும் வரும்: சுற்றுலாப் பயணிகள் வட்டத்துக்குள் புகுந்தார்கள், ஊர்ப் பெரியவர்கள் தடுத்தார்கள், சில ஊர்களில் படம் எடுக்கவே தடை. "ஒரு நடனத்துக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?" என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. அது வெறும் நடனம் இல்லை. ஊர்க்கூட்டம், இளைஞர்களின் பதவி உயர்வு, முன்னோர்களுக்குச் செய்யும் திதி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் நடக்கிற நிகழ்ச்சி அது. இதைப் புரிந்துகொள்ள, அந்தத் தீவில் யார் இருந்தார்கள், யார் பிறகு வந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இவர்கள் யார்?

தைவான் சுமார் 36,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. கடகரேகை அதன் குறுக்கே போகிறது. எனவே வடபாதி மிதவெப்பப் பகுதி, தென்பாதி வெப்பமண்டலம். நடுவில் முதுகெலும்பு போல மலைத்தொடர். 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களே 200-க்கு மேல் இருக்கின்றன. மிக உயரமான யூஷான் 3,952 மீட்டர். மலைக்குக் கிழக்கே கடலோரமாக ஒடுங்கிய சமவெளி, மேற்கே அகன்ற சமவெளி. இந்த நில அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவது பலவும் இதனால்தான் நடந்தது.

இன்று தைவானில் சுமார் 2.3 கோடிப் பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் சீனாவின் தென்கிழக்குக் கரையிலிருந்து கடந்த 400 ஆண்டுகளில் வந்து குடியேறியவர்களின் வழியினர். 1624-இல் டச்சுக்காரர்கள் தெற்கே கோட்டை கட்டியபோது, வயல் வேலைக்குச் சீன விவசாயிகளைக் கொண்டுவந்தார்கள்; பெரிய அளவிலான குடியேற்றம் அங்கிருந்துதான் தொடங்கியது. அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே தீவில் வாழ்ந்தவர்கள்தான் பழங்குடிகள். இப்போது அவர்கள் சுமார் 6 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு இரண்டரைப் பேர். அரசு 16 இனங்களை அங்கீகரித்திருக்கிறது: ஆமிஸ், பைவான், அட்டயல், புனூன், ருகாய், சைசியாட், தாவ் என்று பட்டியல் நீள்கிறது.

மேற்குச் சமவெளியில் இருந்த இனங்கள்தான் குடியேற்றத்தில் முதலில் கரைந்தன. சிங் பேரரசின் அதிகாரிகள் வரி கட்டி அடங்கியவர்களைச் "சமைத்த" காட்டுமிராண்டிகள் என்றும், மலையில் அடங்காமல் இருந்தவர்களைப் "பச்சை" காட்டுமிராண்டிகள் என்றும் பதிவேட்டில் எழுதினார்கள். அந்தப் பிரிவினையின் நிழல் இன்னும் போகவில்லை. சமவெளி இனமான சிராயா மக்கள் தங்களையும் பழங்குடியாக ஏற்கும்படி நீதிமன்றம் போனார்கள். அவர்களை வெளியே நிறுத்தும் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2022-இல்தான் தீர்ப்பு வந்தது.

மலேசியத் தமிழருக்குத் தெரிந்த சொற்கள்

இவர்களின் மொழிகள் சீன மொழியோடு உறவு இல்லாதவை. ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம் என்று மொழியியலாளர்கள் சொல்கிற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாய், தகலோக், ஹவாய் மொழி, நியூசிலாந்தின் மாவோரி, ஆப்பிரிக்கா பக்கத்தில் இருக்கும் மடகாஸ்கரின் மொழி எல்லாம் இதே குடும்பம்தான்.

ஆமிஸ் மொழியில் கண்ணுக்கு "மாத்தா", ஐந்துக்கு "லிமா". மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த தமிழர் யாரும் இந்த இரண்டையும் உடனே அடையாளம் காண்பார்கள், மலாயிலும் அப்படியே. ஹவாயில் "லிமா" என்றால் ஐந்து, கை இரண்டும்தான். இந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கு மேல் மொழிகள் உண்டு. அவற்றின் மிகப் பழைய கிளைகள் எல்லாம் தைவானில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு மரத்தின் அடிக்கிளைகள் எங்கே கூடுகின்றனவோ அங்கேதான் வேர் இருக்கும் என்ற தர்க்கத்தில், பசிபிக் முழுவதும் பரவிய இந்த மக்களின் புறப்பாட்டு இடம் தைவான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிறுபான்மை என்று நாம் ஒரு சொல்லில் கடந்துபோகிற இந்தச் சமூகம், உலகத்தின் பாதிக் கடலைக் கடந்த ஒரு பெருங்குடும்பத்தின் தாய்வீடு.

ஆமிஸ் ஊரில் யாருக்கு என்ன அதிகாரம்?

ஆமிஸ் மக்கள்தான் எண்ணிக்கையில் பெரிய இனம், 2 லட்சத்துக்கு மேல். கிழக்குக் கரையில் ஹுவாலியன், தைதுங் மாவட்டங்களில் வாழ்கிறார்கள். "ஆமிஸ்" என்றால் வடக்கு. தெற்கே இருந்த புயுமா மக்கள் இவர்களை "வடக்கத்தியார்" என்று கூப்பிட்ட பெயர் நிலைத்துவிட்டது. ஹுவாலியன் பக்கத்தில் இவர்கள் தங்களைப் பங்சா என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

இவர்களின் கோடைத் திருவிழா இலிசின். சீன மொழியில் அறுவடை விழா என்று மொழிபெயர்த்துவிட்டதால், ஏதோ பொங்கல் மாதிரி என்று நினைக்கத் தோன்றும். தினை அறுவடையோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் "லிசின்" என்ற வேர்ச்சொல் சடங்கைக் குறிப்பது. விழாவுக்குப் பின்னால் இருக்கும் ஊரின் கட்டமைப்பு இப்படிப் போகிறது:

1. வீடு பெண்ணுடையது. மரபுப்படி சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போகும். திருமணம் ஆனதும் ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போய்ச் சேர்வான். வீட்டு விவகாரங்களில் கடைசிச் சொல் மூத்த பெண்ணுடையது.

2. ஊர் ஆண்களுடையது, ஆனால் தனி ஆணுடையது அல்ல. வீட்டில் வேர் இல்லாத ஆண்களுக்கு ஊரில் ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் வயதுக் குழு. ஏறக்குறைய 13, 14 வயதில் பையன்கள் கடைசிப் படியில் சேர்கிறார்கள். அந்தப் படிக்குப் பெயர் பகரொங்காய். எடுபிடி வேலை எல்லாம் அவர்களுக்குத்தான்: செய்தி சொல்ல ஓடுவது, விறகு சுமப்பது, பெரியவர்களுக்கு ஊற்றிக்கொடுப்பது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தக் குழுவும் ஒரு படி ஏறும். காவல், வேட்டை, பாதை சீரமைப்பு, முடிவெடுப்பது என்று பொறுப்பும் கூடிக்கொண்டே போகும். தனியாக யாரும் முந்த முடியாது.

3. குழுவுக்குப் பெயர் உண்டு, அது வாழ்நாள் முழுக்கக் கூட வரும். சில ஊர்களில் பழைய பெயர்களே சுற்றி வருகின்றன. வேறு சில ஊர்களில் அந்தக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வைத்துப் புதிதாகப் பெயர் சூட்டுகிறார்கள். டூலான் என்ற ஊரில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஏறிய குழுவுக்கு ஆயிரமாண்டைக் குறிக்கும் பெயரே வைத்தார்கள். எழுத்து இல்லாத சமூகம் இப்படித்தான் வரலாற்றை வைத்துக்கொண்டது: குழுக்களின் பெயரை வரிசையாகச் சொன்னால் ஊரின் காலவரிசை கிடைத்துவிடும்.

4. இலிசினில்தான் இந்தப் படியேற்றம் நடக்கிறது. பல ஊர்களில் முதல் இரவு முன்னோரின் ஆவிகளை வரவேற்பது; அன்று ஆண்கள் மட்டும். கடைசி இரவு பெண்கள் வந்து ஆவிகளை வழியனுப்புகிறார்கள்.

இப்போது அந்த வட்டத்தைத் திரும்பப் பாருங்கள். யார் பக்கத்தில் யார் என்பது தற்செயல் அல்ல. மூத்த குழு தலைப்பக்கம், இளைய குழு வால்பக்கம். ஒருவர் ஓர் அடி எடுத்துப் பாட, மற்றவர்கள் திரும்பப் பாடுகிறார்கள். வால்பக்கத்துப் பையன்கள்தான் அதிகம் குதிக்க வேண்டும், களைத்தாலும் கையை விடக் கூடாது. வட்டமே ஊரின் நிர்வாக வரைபடம். அதன் நடுவில் ஒரு வெளியாள் போய் நின்றால், அவர் எந்தக் குழுவில் நிற்கிறார் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. கோபம் அதனால்தான் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஆண்களின் தோளில் குறுக்காகத் தொங்கும் சிறு துணிப்பை. அலோஃபோ என்று பெயர். நூல் வேலைப்பாடும் குஞ்சமுமாக அழகாக இருக்கும். ஆட்டத்தின்போது ஒரு பெண் தனக்குப் பிடித்தவனின் பைக்குள் ஒரு பாக்கைப் போடுவாள். அவ்வளவுதான், பேச்சு கிடையாது. பாக்கு போடுவது பெண், பை வைத்துக் காத்திருப்பது ஆண். வீடு பெண்ணுடையது என்ற முதல் விதியிலிருந்து நேராக வருகிற வழக்கம் இது.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

தைதுங் அருகே மாலான் ஊரைச் சேர்ந்த ஆமிஸ் பாடகர் டிஃபாங்கும் அவர் மனைவியும் பாடிய ஒரு மூத்தோர் விருந்துப் பாட்டு, 1980-களின் இறுதியில் ஐரோப்பாவில் நிகழ்ச்சிக்குப் போனபோது பதிவானது. ஜெர்மனியைச் சேர்ந்த எனிக்மா இசைக்குழு அந்தக் குரலை வெட்டித் தன் பாடலில் சேர்த்தது. அது உலகம் முழுக்க விற்றது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் ஒலித்தது. தன் குரலைத்தான் உலகம் கேட்கிறது என்பது டிஃபாங்குக்குப் பிறகுதான் தெரியவந்தது. வழக்குப் போட்டார்கள், நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஆனது.

இதில் சட்டச் சிக்கல் என்னவென்றால், பதிப்புரிமைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், ஓர் ஆண்டு வேண்டும். ஊர்ப் பாட்டுக்கு இரண்டும் கிடையாது. ஆகவே "யாருக்கும் சொந்தமில்லை, யாரும் எடுக்கலாம்" என்று ஆகிவிடுகிறது. தைவான் 2007-இல் பழங்குடிகளின் மரபுப் படைப்புகளைக் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பாட்டு, நடனம், நெசவு வடிவம் ஆகியவற்றுக்கான உரிமையை ஓர் இனமோ ஊரோ தன் பெயரில் பதிய முடியும். ஊர் விழாவைப் படமெடுத்து இணையத்தில் போடுவதில் இன்று வரும் தகராறுகளுக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

லான்யூ: கோலா மீனின் நாள்காட்டி

தைவானின் தென்கிழக்கே சுமார் 45 சதுர கிலோமீட்டரில் ஒரு குட்டித் தீவு, லான்யூ. அங்கே வாழும் தாவ் மக்கள் சில ஆயிரம் பேர்தான், ஆறு ஊர்கள். தீவை அவர்கள் சொல்வது "போங்சோ நோ தாவ்", மனிதர்களின் தீவு. அவர்கள் மொழி, தெற்கே பிலிப்பைன்ஸின் படானெஸ் தீவுகளில் பேசும் மொழியோடு மிக நெருங்கியது.

தாவ் மக்களின் ஆண்டில் மூன்று பருவங்கள். அவற்றில் பெரியது ராயோன், பறக்கும் மீன் பருவம். சோழமண்டலக் கரை மீனவர்கள் பறவைக் கோலா என்று சொல்லும் அதே வகை மீன். ஏறக்குறைய பிப்ரவரி, மார்ச்சிலிருந்து கோடைத் தொடக்கம் வரை, குரோஷியோ என்ற வெப்ப நீரோட்டத்தோடு இந்த மீன்கள் கூட்டமாக வருகின்றன. பருவம் தொடங்கும்போது ஆண்கள் வெள்ளித் தலைக்கவசம் அணிந்து கடற்கரையில் நின்று மீனைக் கூப்பிடுகிறார்கள்.

விதிகளை மீனே கற்றுக்கொடுத்தது என்பது அவர்கள் நம்பிக்கை. கருஞ்சிறகு மீன் ஒன்று மூதாதையின் கனவில் வந்து, எங்களை எப்போது பிடிக்கலாம், எப்படிச் சமைக்கலாம், எதோடு சேர்க்கக் கூடாது என்றெல்லாம் சொன்னதாம். சில விதிகளை மட்டும் பார்ப்போம்.

1. ராயோன் பருவத்தில் பாறையோர மீன்களைப் பிடிக்கக் கூடாது. ஆழ்கடலிலிருந்து வரும் கோலாவையும் அதைத் துரத்தி வரும் பெரிய மீன்களையும் மட்டும்தான் பிடிக்கலாம்.

2. பருவத்துக்குள்ளேயே கட்டங்கள் உண்டு. முதலில் பெரிய படகில் ஊரார் சேர்ந்து இரவில் போவது. அப்புறம்தான் சிறு படகில் தனியாளாகப் பகலில் தூண்டில் போடுவது.

3. காயவைத்த கோலாவைத் தின்பதற்கும் கடைசி நாள் உண்டு. இலையுதிர் காலத்தில் அந்த நாள் வந்ததும் மீதியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

4. மற்ற மீன்கள் பெண்கள் தின்பவை, ஆண்கள் தின்பவை, முதியவர்கள் மட்டும் தின்பவை என்று பிரிந்திருக்கின்றன.

வெளியாளுக்கு இது மூடநம்பிக்கைப் பட்டியல் போலத் தோன்றலாம். ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் விதியால், பாறையோர மீன்களுக்கு ஆண்டில் பல மாதம் ஓய்வு கிடைக்கிறது. மூன்றாவது விதியால், தின்ன முடிகிற அளவுக்கு மேல் பிடித்துக் குவிப்பதில் பயனே இல்லாமல் போகிறது. நான்காவது விதியால், ஒரே மீன் மேல் எல்லாரும் பாய்வதில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்களுக்கும் நல்ல மீன் உறுதியாகிறது. மீன்வளத் துறை அறிக்கையில் வரவேண்டிய விஷயம் இங்கே கனவுக் கதையாக, தலைமுறைகள் கடந்து, காவலர் இல்லாமலே நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சிறு படகுக்குப் பெயர் தாதலா. ஒரே மரத்தைக் குடைந்தது அல்ல. வெவ்வேறு மரங்களின் பலகைகளைத் தனித்தனியாகச் செதுக்கி, மர ஆணி அடித்து, இடுக்குகளை நார் வைத்து அடைத்துச் சேர்த்தது. அடிப்பாகத்துக்குக் கடின மரம், மேல்பாகத்துக்கு இலேசான மரம். இந்த மரங்களை அப்பா மகனுக்காகக் காட்டில் குறித்து வைத்து வளர்ப்பது வழக்கம். முன்னும் பின்னும் கூர்மையாக மேலே எழும்பி, வெள்ளை, கறுப்பு, சிவப்பு வண்ணங்களில் செதுக்கு வேலை. பக்கவாட்டில் கதிர்களோடு வட்ட வடிவம் ஒன்று இருக்கும்: "மாத்தா நோ தாதலா", படகின் கண். அதே மாத்தா.

இந்தத் தீவில்தான் 1982 முதல் அணு உலைக் கழிவுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள், சுமார் 1 லட்சம் பீப்பாய்கள். மீன் பதப்படுத்தும் ஆலை வரப்போகிறது என்றே தங்களிடம் சொல்லப்பட்டது என்று தாவ் மக்கள் நினைவுகூர்கிறார்கள். அவர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை என்பதைப் பின்னாளில் அரசின் விசாரணையே ஒப்புக்கொண்டது. 1988-இல் போராட்டம் தொடங்கியபோது அவர்கள் எடுத்த சொல் "அனிதோ", அதாவது கெட்ட ஆவி. ஆவியை விரட்டும் கோலத்தில் ஊர்வலம் போனார்கள். 1996-இல் புதிதாக வந்த கழிவுக் கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். பழைய பீப்பாய்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன. மரபு என்பது அருங்காட்சியகப் பொருள் என்று யாராவது சொன்னால், அந்த ஊர்வலத்தைக் காட்டலாம்.

பெயரும் வீடும்

1895 முதல் 1945 வரை ஜப்பான் ஆண்டது. மலைவாழ் மக்களைப் போலீஸ் மூலம் நிர்வகித்தது. அட்டயல் மக்கள் முகத்தில் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கத்துக்கும் தடை போட்டது. 1930-இல் மோனா ருடாவ் தலைமையில் செதிக் இன மக்கள் வூஷே என்ற மலை ஊரில் ஜப்பானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது ராணுவம் அதைக் கொடூரமாக அடக்கியது.

1945-க்குப் பிறகு சீனாவிலிருந்து வந்த அரசு பழங்குடிகளுக்குச் சீனப் பெயர்களைக் கொடுத்தது. பைவான் மரபில் ஒருவரின் பெயரோடு அவர் பிறந்த வீட்டின் பெயர் சேர்ந்து வரும். அதாவது கல்பலகை அடுக்கிக் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் உண்டு. எழுத்தர் மேசையில் இது எடுபடவில்லை. ஒரே குடும்பத்தவர்களுக்கே வேறு வேறு சீனக் குடும்பப்பெயர் விழுந்த கதைகள் ஏராளம். யார் யாருக்கு உறவு என்பதே காகிதத்தில் கலைந்துபோனது. 1995-இல்தான் மரபுப் பெயரைப் பதிய சட்டம் அனுமதித்தது. சீன எழுத்து இல்லாமல் ரோமன் எழுத்தில் மட்டும் எழுதிக்கொள்ள 2024-இல் வழி பிறந்தது. 2016 ஆகஸ்ட் 1-இல் அதிபர் சாய் இங்-வென் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அப்படிக் கேட்ட முதல் தைவான் அதிபர் அவர்தான்.

துப்பாக்கி வழக்கு

மன்னிப்புக்குப் பிறகும் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட ஒரு வழக்கு போதும். புனூன் இனத்தைச் சேர்ந்த தாலும் சுக்லுமான், வயதான தாய்க்குப் பழகிய இறைச்சி வேண்டும் என்று 2013-இல் வேட்டைக்குப் போனார். ஒரு கேளையாட்டையும் செரோ என்ற மலையாட்டையும் சுட்டார். மூன்றரை ஆண்டு சிறை என்று தீர்ப்பு. குற்றம் வேட்டை மட்டுமல்ல, துப்பாக்கியும்தான். பழங்குடிகள் வேட்டைக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதித்தது, ஆனால் கையால் செய்த துப்பாக்கியாக இருக்க வேண்டும். அவரிடம் இருந்தது அந்த வகை இல்லை.

ஏன் கையால் செய்தது? "மரபு" என்றால் பழைய கருவி என்று சட்டம் எடுத்துக்கொண்டது. வீட்டில் செய்த துப்பாக்கிகள் வெடித்துக் கையையும் கண்ணையும் இழந்த வேட்டைக்காரர்கள் உண்டு. புனூன் மக்களுக்கு மரபு என்பது எந்தக் காட்டில் யார் போகலாம், எந்தக் கனவு கண்டால் திரும்பிவிட வேண்டும், இறைச்சியை யாருக்கெல்லாம் பங்கிட வேண்டும் என்ற விதிகள்தான். கருவி அதில் கடைசி. சட்டமோ கருவியை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது. 2021 மே மாதம் அரசியலமைப்பு நீதிபதிகள், வேட்டை பழங்குடிகளின் பண்பாட்டு உரிமை என்று ஏற்றுக்கொண்டார்கள். கையால் செய்த துப்பாக்கிதான் என்ற கட்டுப்பாடு செல்லும் என்றார்கள், அதன் பாதுகாப்புக் குறைகளை மட்டும் திருத்தச் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்குள் அதிபர் தண்டனையை மன்னித்தார். அவர் சிறைக்குப் போகவில்லை. கையால் செய்த துப்பாக்கி என்ற கட்டுப்பாடு அந்தத் தீர்ப்பில் நீங்கவில்லை.

போகிறவர்கள் கவனிக்க

தைவானில் படிக்கும், வேலை செய்யும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். விடுமுறைக்குக் கிழக்குக் கரைப் பக்கம் போகிறவர்களுக்கு மேலே சொன்னதிலிருந்து சில விஷயங்கள் தெளிவாகும்.

1. விழா நாள் ஊருக்கு ஊர் வேறு. ஆமிஸ் பகுதியில் ஜூலையில் தெற்கே தொடங்கி ஆகஸ்டில் வடக்கே போகும். அரசு நடத்தும் ஒருங்கிணைந்த மேடை விழா வேறு, ஊர் இலிசின் வேறு. முதலாவது பார்வையாளர்களுக்காகவே நடப்பது.

2. வட்டத்தில் சேர்வதற்கு விருந்தினர் நேரம் என்று பல ஊர்களில் தனியே உண்டு. கூப்பிடும்வரை வெளியே நில்லுங்கள். கூப்பிட்டதும் காட்டிய இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

3. லான்யூவில் படகைத் தொடாதீர்கள், சாய்ந்து படம் எடுக்காதீர்கள். காயும் மீன்களுக்கும் அதே விதி.

4. சைசியாட் மக்களின் பாஸ்தாஆய் சடங்கு இவை எல்லாவற்றிலும் கடினமானது, ஏனென்றால் அது மகிழ்ச்சி விழாவே இல்லை. பக்கத்து மலையில் தாஆய் என்ற குள்ள மனிதர்கள் வாழ்ந்ததாகவும், விவசாயமும் பாட்டும் கற்றுக்கொடுத்த அவர்கள் பெண்களிடம் அத்துமீறியதால் சைசியாட் மக்கள் மரத்தை அறுத்து ஆற்றில் விழவைத்துக் கொன்றதாகவும் கதை. அதன்பின் விளைச்சல் பொய்த்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஆவிகளை அழைத்து, இரவெல்லாம் பாடி, சமாதானம் செய்து அனுப்புகிறார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய சடங்கு. 2006, 2016 ஆண்டுகளில் அப்படி நடந்தது. அங்கே போகும் ஒவ்வொருவருக்கும் நாணல் போன்ற நீளப் புல்லில் ஓர் இழை கொடுப்பார்கள். ஆவி பிடிக்காமல் இருக்க அதைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். கேமரா கொண்டு போனால் அதற்கும் ஓர் இழை உண்டு.